மாத்திரை தந்த முகம்

கண்ணா,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த போட்டோவும் செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் வந்தன. இன்று வியாழன். இந்த இரண்டு நாளும் நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தால் பால் பொங்கி வழிந்திருக்கிறது. நேற்று வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒரே பெயரை இரண்டு தடவை கூப்பிட்டேன் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். சாயங்காலம் தபால் ஆபீசுக்குப் போய் உன் கம்பெனிக்கு டிரங்கால் போட்டேன். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு பூனா லைன் கிடைத்தது. யாரோ இந்தியில் பேசினார்கள். உன் பெயரைச் சொன்னேன். ஷிப்ட் என்ற ஒரு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது, அதற்குள் லைன் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தும் மூன்று தடவை எழுந்துவிட்டேன்.

போட்டோவை உன் அப்பா தெருவில் ஒரு வீடு பாக்கி வைக்காமல் காட்டிவிட்டார். "பாத்தீங்களா, தேதி குறிச்சதுமே மாப்ள களை வந்துடுச்சி"னு அவருக்கு ஒரே பெருமை. எதிர்வீட்டுக்காரம்மா, "அந்த ஊரு தண்ணி ஒத்துக்கிச்சி போல, நல்லா பூசினாப்ல ஆயிட்டான்"னு சொன்னாங்க. நான் ஜன்னல் வெளிச்சத்தில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். உன் கன்னம் இரண்டும் உப்பி, தாடை ஓரமே தெரியாமல் முகம் நேராகக் கழுத்தில் இறங்குகிறது. ஆனால் மடித்துவிட்ட சட்டைக்குக் கீழே உன் கை பழையபடி குச்சியாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டில் வந்த சதை முகத்தில் மட்டும் வந்து உட்காராது. அந்த முகத்தை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆறேழு வருஷம் அது என் முகமாக இருந்தது.

பிறகுதான் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். மூன்று பக்கம் பத்திரிகை, மண்டபம், புடவை நிறம் என்று எழுதிவிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோல எழுதியிருக்கிறாய்: போன குளிர்காலத்திலிருந்து மூச்சு இழுப்பு வருகிறது, இங்கே ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரை அற்புதமாகக் கேட்கிறது, இப்போதெல்லாம் டாக்டரிடம் போகாமல் நானே கடையில் வாங்கிக்கொள்கிறேன், பல் தேய்த்தால் கொஞ்சம் ரத்தம் வருகிறது, உடம்புச் சூடாக இருக்கும். அதற்குக் கீழே இன்னொரு வரி: பெண் வீட்டுக்கு இழுப்பு விஷயம் தெரிய வேண்டாம். நீ ஒரு நிமிஷத்தில் எழுதி முடித்திருப்பாய். எனக்கு அந்த ஐந்து வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

உன்னிடம் நான் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. அதில் பாதி உனக்குத் தெரியும். நீ அதற்குள்ளேயே இருந்தவன். மீதிப் பாதியைச் சொல்லாமல் என்னால் உனக்கு எந்தப் புத்தியும் சொல்ல முடியாது.

எனக்குச் சின்ன வயதிலேயே இழுப்பு உண்டு. டீச்சர் வேலை கிடைத்து முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போட்டார்கள். நாள் முழுக்கச் சாக்பீஸ் தூள். கரும்பலகையைத் துடைத்தால் அடுத்த அரை மணி நேரம் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். உனக்கு மூன்று வயது முடிந்த மார்கழியில், பனியும் சேர்ந்துகொண்டு, மூன்று நாள் நான் படுக்கவே இல்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திண்டாடினேன். அப்பா என்னை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகாத குறைதான். ஓர் ஊசி போட்டு, சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார் அந்த டாக்டர். "இது ஸ்டீராய்டு மாத்திரைம்மா. வெளையாட்டு இல்ல. பத்து நாளு, நான் எழுதின மாதிரி கொறச்சிக் கொறச்சி சாப்டுங்க. பத்தாம் நாளு வந்து காட்டணும். நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களா சாப்டவும் கூடாது"ன்னார். நான் தலையாட்டினேன். அவர் அவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்பதை நீ மனதில் வைத்துக்கொள். பின்னால் நடந்ததற்கு அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாளே நெஞ்சு திறந்துகொண்டது. மூச்சு என்பது இவ்வளவு சுலபமான விஷயமா என்று எனக்கு ஆச்சரியம். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னை அப்பா தோளில் உட்கார வைத்துக்கொண்டு மூவரும் மலை சுற்றப் போனோம். கல்யாணமாகி வந்த நாளாக நான் பாதி வழிக்கு மேல் நடந்ததில்லை. அன்றைக்கு அடி அண்ணாமலை வரை எங்கும் உட்காராமல் நடந்தேன். அங்கே மோர் வாங்கிக் குடித்துவிட்டு மீதியையும் நடந்து முடித்தேன். அப்பா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். அந்த மாத்திரை எனக்கு ஒரு கெடுதலும் செய்ய வந்ததில்லை, கண்ணா. அது அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. தப்பு பத்தாம் நாள் நடந்தது. பத்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன், போக முடியவில்லை. பதினோராம் நாள் லேசாக இழுத்த மாதிரி இருந்தது. "அதே சீட்டு இருக்குதே, அதக் குடுத்து வாங்கியாங்க"ன்னேன். அப்பா வாங்கி வந்தார். அவ்வளவுதான், அந்தச் சீட்டே எனக்கு டாக்டராகிவிட்டது.

இழுத்தால் இரண்டு, சரியானால் ஒன்று என்று நானே கூட்டிக் குறைத்துக்கொண்டேன். ஆறு மாசத்தில் என் முகம் வட்டமாகிவிட்டது. இப்போது ஒன்றைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: அந்த முகம் எனக்குப் பிடித்திருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தவளை அதுவரை எல்லாரும், வீட்டில் சோறு போடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது ஸ்டாப் ரூமில், "இன்னா டீச்சர், மூஞ்சி நெலா மாதிரி ஆயிடுச்சி"ன்னாங்க. அப்பா என்னைத் தேரடித் தெருவில் இருந்த ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார். கூடத்தில் மாட்டியிருக்கிறதே, நான் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கும் படம், அது அப்போது எடுத்ததுதான். இழுப்புக்காக ஆரம்பித்த மாத்திரையை இழுப்பு இல்லாத மாசங்களிலும் நான் நிறுத்தாததற்கு அந்தப் படத்தில் இருக்கிற முகமும் ஒரு காரணம்.

ஈறில் ரத்தம் வந்தது அதற்கும் ஒரு வருஷம் கழித்து. பல்பொடியோடு விரலில் சிவப்பாக வந்தது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கொஞ்ச நாளில் ரத்தமும் குறைந்த மாதிரி இருந்தது. வலி என்று ஒன்று இருந்திருந்தால் அலறிக்கொண்டு யாரிடமாவது ஓடியிருப்பேன். வலியே இல்லை. ஈறு மெத்தென்று ஆகி, அழுத்தினால் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ வரும். கீழ்ப்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து விழுந்தது. பிறகு நாற்றம். முதலில் அது எனக்கே தெரியவில்லை. ஸ்டாப் ரூமில் என் பக்கத்தில் உட்காருகிற டீச்சர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்ட அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து முந்தானை என் வாயை விட்டு இறங்கவில்லை. சிரிக்க வந்தால் முந்தானை, பேச வந்தால் முந்தானை. நீ என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தேன். "அம்மா, இந்தப் பக்கம் திரும்பு"னு என் முதுகைத் தட்டுவாய். தூங்கினவள் மாதிரி கிடப்பேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். "ஒண்ணாங்கிளாஸ்ல என்ன ஸ்கேல்ல போட்டு அடி அடின்னு அடிச்சியே, இன்னாத்துக்கும்மா அது?" என்று. நான் "ஞாபகம் இல்லடா"ன்னேன். பொய். அந்த நாளில் நீ போட்டிருந்த சட்டையில் எந்தப் பித்தான் இல்லை என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு ஒன்றுதான், டீச்சர் நான் ஒருத்திதான். அதனால் நீயும் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தாய். அன்றைக்கு ழகரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வராது. எல்லாரும் வாயப்பயம், வாயப்பயம் என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். வாயைத் திறந்து நாக்கைக் காட்டாமல் அந்த எழுத்தைச் சொல்லிக் கொடுக்கவே முடியாது. நாலு மாசமாக முந்தானைக்குள்ளிருந்தே பாடம் நடத்தியவள், அன்றைக்கு உன் முன்னால் குந்தி உட்கார்ந்து, மகன்தானே என்ற தைரியத்தில் முந்தானையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தேன். "பாரு, நாக்கு எப்டி மேல மடங்குது பாரு." நீ பார்த்தாய். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வாய் நாறுது"ன்னாய். கெட்ட எண்ணத்தில் இல்லை. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வந்து சொல்வாயே, அதே குரல். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். முன்வரிசையில் இன்னும் இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

மர ஸ்கேல் மேஜைமேல் இருந்தது. எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. உள்ளங்கையில் ஆரம்பித்து, நீ கையை இழுத்துக்கொண்டதும் தொடையில். "டீச்சர்னு கூப்டு, டீச்சர்னு கூப்டு"னு கத்தினேன், நீ அம்மா என்று கூப்பிட்டதுதான் குற்றம் என்பதுபோல. வராந்தாவில் முட்டி போட வைத்தேன். மணி அடிக்கும்வரை நீ அங்கேயே இருந்தாய். வெளியே வந்து பார்த்தபோது உன் டிராயர் நனைந்திருந்தது. அந்த இரவு நீ என் முதுகைத் தட்டவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே தட்டவில்லை. கண்ணா, நீ அன்றைக்குச் சொன்னது உண்மை. வேறு யாரும் எனக்குச் சொல்லத் துணியாத உண்மை. அதைக் கேட்டு மறுநாளே ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தால் என் வாயில் இன்னும் ஏழு பல் இருந்திருக்கும். நான் உன்னை அடித்தேன். என்னை மன்னித்துவிடு. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. உனக்கு ஏழு வயதில், அப்பாவுக்குத் தெரிந்த ஒரு கம்பவுண்டர், "அந்த மாத்திரையெல்லாம் வருஷக்கணக்குல சாப்டக் கூடாதுங்க, ஒடம்பு கெட்டுப்பூடும்"னு சொல்லியிருக்கிறார். அப்பா பதறிக்கொண்டு வந்தார். மின்சார போர்டில் கம்பத்தில் ஏறுகிற வேலை செய்தவர், ஆனால் வீட்டில் ஒருவருக்கு உடம்பு என்றால் பயந்துவிடுவார். "நிறுத்திடு, இன்னையோட நிறுத்திடு"ன்னார். சரி என்றேன். அதை எப்படி நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு மருந்துக்கடையில் நானே வாங்கிப் பெருங்காய டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் நான் அதைத் திறந்து வாயில் போட்டுக்கொள்ளும்போது நீ சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாய். "அப்பாகிட்ட சொல்லக் கூடாது, இன்னா?" என்றேன். தலையாட்டினாய். உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று உனக்கு ஏற்கெனவே தெரியும். இப்போது உன்னைப் பொய்க்குக் காவலாகவும் வைத்தேன்.

உனக்குப் பத்து வயதில் வந்த தீபத்தன்று, விளக்கெல்லாம் ஏற்றிவிட்டு நாம் பொரி உருண்டை தின்றுகொண்டிருந்தோம். நான் ஒன்றைக் கடித்தேன். வெல்லத்தோடு வேறு எதுவோ கெட்டியாக நாக்கில் தட்டியது. எடுத்துப் பார்த்தால் என் முன்பல், வேரோடு. வலி இல்லை. ரத்தமும் பெரிதாக இல்லை. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "காலையில மொத பஸ்ஸுக்கு வேலூர் போறோம்"ன்னார்.

வேலூரில் அந்தப் பல் டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஊசி மாதிரி ஒரு கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. "உள்ள இவ்ளோ சீழ் இருக்குது, ஈறு மேலாக்க ஒண்ணுமே காட்டலியே. சர்க்கரை இருக்குதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "ஏதாவது மாத்திரை ரெகுலரா சாப்டறீங்களா?" இல்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார். லேசாக இடித்தாலே நீலம் பாய்ந்துகொண்டிருந்த கை அது. "இழுப்புக்கு, மூட்டுவலிக்கு, எதுக்காவது? நல்லா யோசிச்சி சொல்லுங்க." இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நான் எப்படி ஆம் என்பேன்? "நீங்க பொய் சொன்னா எனக்கு ஒரு நஷ்டமும் இல்லம்மா, வைத்தியம்தான் தப்பாப் போவும்"னு சொல்லிவிட்டு, ஆடிக்கொண்டிருந்த இரண்டு பல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்து அனுப்பினார். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் ஒரு முடிவெடுத்தேன். இதைவிட முட்டாள்தனமான முடிவை என் வாழ்க்கையில் எடுத்ததில்லை. இன்றோடு மாத்திரையை விட்டுவிட்டால், டாக்டரிடம் சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் டப்பாவிலிருந்ததைச் சாக்கடையில் கொட்டினேன். மூன்றாம் நாள் கை காலெல்லாம் விட்டுப்போன மாதிரி ஓர் அசதி. சோறு வாயில் வைத்தால் வாந்தி. பல் பிடுங்கின இடம் ஆறவே இல்லை, தாடைக்குக் கீழே வீங்கிக் காய்ச்சலும் வந்தது. ஐந்தாம் நாள் காலையில் குழாயடியில் குடத்தைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே விழுந்தேன். ஜட்கா வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கட்டிலில் கிடந்த என்னால் கேட்க முடிந்தது, பேச முடியவில்லை. "பிரஷர் ரொம்ப கம்மியா இருக்குது. ஏறவே மாட்டேங்குது. இவங்க ஏதாவது மாத்திரை சாப்டறாங்களா?" என்று டாக்டர் அப்பாவைக் கேட்டார். "இல்ல சார், முன்ன சாப்டுனு இருந்தா, நிறுத்தி மூணு வருஷம் ஆவுது"ன்னார் அப்பா. நீ என் கால்மாட்டில் நின்றிருந்தாய். அவர் அப்படிச் சொன்னதும் நீ என்னைப் பார்த்தாய். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்கத்தில் மூடியது என்று உனக்கு இத்தனை நாள் தோன்றியிருந்தால், அது இல்லை. சொல்லாதே என்றுதான் மூடினேன். சாகக் கிடக்கிறபோதும் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

நீ வெளியே போய்விட்டாய். மதியம் ஆகிவிட்டது. பாட்டில் பாட்டிலாக சலைன் ஏறிக்கொண்டிருந்தது, டாக்டர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு நீ வந்தாய். வேர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்க. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரை ஓடிப்போய்த் திரும்ப ஓடி வந்திருக்கிறாய். கையில் பெருங்காய டப்பா. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அதை டாக்டர் மேஜைமேல் வைத்தாய். அவர் திறந்தார். அடியில் நான் கொட்டும்போது விழாமல் ஒட்டிக்கொண்டிருந்த அரை மாத்திரையும், ஏழு வருஷமாக மடித்து மடித்துக் கிழிந்துபோன அந்தச் சீட்டும் இருந்தன. அவர் சீட்டைப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டு வேறொரு ஊசி எடுத்துவரச் சொன்னார். அந்த ஊசியும் ஸ்டீராய்டுதான்; ஏழு வருஷம் அதைச் சாப்பிட்ட உடம்பு, திடீரென்று நிறுத்தியதைத் தாங்காமல்தான் விழுந்ததாம். சாயங்காலத்துக்குள் எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது. அப்பா உன்னைப் பிடித்து, "ஏன்டா, காலையிலயே சொல்றதுக்கு இன்னா?" என்று உலுக்கியபோது நீ சொன்னாயாம்: "நான் ஒண்ணும் சொல்லல. டப்பாவைத்தான் எடுத்துனு வந்தேன்." எனக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றி, என்னையும் காப்பாற்ற அந்தப் பத்து வயதில் நீ ஒரு வழி கண்டுபிடித்திருந்தாய். அதற்கு நான் இன்று வரை உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தெரியாத மாதிரியே இருந்துவிட்டேன். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "மொதல்ல சீட்டக் குடுத்து வாங்கியாந்தது நான்தானே"ன்னு சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் வேலூர்ப் பல் டாக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மாத்திரை மட்டுமே பல்லைக் கெடுத்துச்சின்னு சொல்ல மாட்டேன்மா. பல் இடுக்குல அழுக்கு சேரும், கிருமி வரும், ஒடம்பு அதோட சண்டை போடும். இந்த மாத்திரைய ஜாஸ்தி நாள் சாப்ட்டா அந்தச் சண்டை போடற சக்தி கம்மியாயிடும். வீக்கத்தையும் வலியையும் அமுக்கிடும், அதனால உள்ள அரிக்கிறது வெளிய தெரியாது. எலும்பு பலமும் கொறையும், சர்க்கரையும் ஏறும். மொதல்லயே தெரிஞ்சிருந்தா மாசா மாசம் சுத்தம் பண்ணி, பல்லையும் காப்பாத்தி, மாத்திரையும் சாப்ட்டிருக்கலாம்"ன்னார். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டில் ஒன்றை நான் இழந்தே ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இழுப்புக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். முகம் பழையபடி வற்றியது. ஏழு பல் போன இடத்தில் கட்டின பல் வந்தது. நாற்றம் போனது. ஆனால் அதற்குள் நீ என் பக்கத்தில் வராமல் பழகிவிட்டாய். வா என்று கூப்பிட எனக்கும் தெரியவில்லை.

இப்போது உன் ஐந்து வரிக்கு வருகிறேன். உன் ஈறு ரத்தம் மாத்திரையால்தான் என்று எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்லை. சரியாகத் தேய்க்காததாலும் இருக்கலாம். ஆனால் சூடு என்று நீயே தீர்ப்பு எழுதிவிடாதே. ஒரு பல் டாக்டரிடம் போ. உட்கார்ந்ததும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே, என்ன மாத்திரை, எத்தனை நாளாக, எவ்வளவு என்று சொல். அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் திரும்பிப் போய், நானே வாங்கிச் சாப்பிட்டேன் என்று சொல். திட்டினால் வாங்கிக்கொள். உன் முகத்தை யார் புகழ்ந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடு. இழுப்பு இருக்கிறவனைக் கட்டிக்கொள்ள அவளுக்குச் சம்மதமில்லை என்றால் அது அவள் உரிமை. அதைவிட, கல்யாணத்துக்குப் பிறகு சமையலறை டப்பாவில் எதையோ தேடும்போது அவளுக்குத் தெரிய வருவது மோசம். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதுவும் வாசலில் நின்று பார்க்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு இவ்வளவு எழுதுகிற நான், செவ்வாய்க்கிழமை என்ன செய்தேன் தெரியுமா? உன் கடிதத்தின் முதல் மூன்று பக்கத்தையும் போட்டோவையும்தான் அப்பாவிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை அரிசிப் பானைக்குக் கீழே வைத்துவிட்டேன். கல்யாண நேரத்தில் அவர் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டதும் இதே மாதிரி ஒன்றுதான். இன்று மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர் கையில் அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "எப்ப வந்துச்சி இது?" என்றார். செவ்வாய்க்கிழமை என்றேன். சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனார்.

இப்போதுதான் திரும்பி வந்தார். சனிக்கிழமை மெட்ராஸ் போய் அங்கிருந்து பம்பாய் மெயில் பிடிக்கிறோம். இடம் ரிசர்வ் ஆகவில்லை, உட்கார்ந்தே வருகிறோம், அதில் ஒன்றுமில்லை. உனக்குத் தந்தியும் கொடுத்துவிட்டார். மாத்திரையை நிறுத்தாதே, நாங்கள் வருகிறோம் என்று. தந்தி ஆபீஸ்காரர், "இன்னா சார் இது, நிறுத்தாதேன்னா, நிறுத்துன்னா? தப்பா எழுதிட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாராம். "தப்பு இல்ல சார், அப்டியே அடிங்க"ன்னு சொல்லிவிட்டு, வீடு வரும்வரை அதே கவலையாக வந்திருக்கிறார். "தந்தின்னதும் பயந்துடுவானா? பயந்து நிறுத்திட்டா இன்னா பண்றது?" என்று இப்போதுகூட வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பயப்படாதே. அந்த டாக்டர் சொல்கிறவரை இப்போது சாப்பிடுகிற அளவிலேயே சாப்பிடு, ஒரு வேளையும் விடாதே.

இதைத் தபாலில் போடவில்லை. நாங்கள் அதற்கு முன்னால் வந்துவிடுவோம். கையிலேயே கொண்டு வந்து உன்னிடம் தருகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்கத் தோன்றினால் கேள். பதில் சொல்கிறேன்.

உன் அம்மா